தெரிஞ்ச நம்பர்லேர்ந்து வர்ற ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் லாபிஸ் டவுன்ல ஹேண்ட்போன் கடை வச்சிருக்கேன். டாப் அப், ஸ்கிரீன் மாத்துறது, பழைய போன்ல உள்ள படத்தையெல்லாம் புது போனுக்கு ஏத்திக் குடுக்குறது, இதான் பொழப்பு. சுத்தி உள்ள செம்பனைத் தோட்டத்துலேர்ந்து சம்பளத்துக்கு மறுநாள் கூட்டம் வரும், சனி ஞாயிறுல சிங்கப்பூர்ல வேலை செய்யுற பிள்ளைங்க வரும். உங்க பேப்பர் கடையில தினமும் உண்டு, நான் கையில எடுக்கறதுக்குள்ள பக்கத்து கோப்பிக் கடையில நாலு பேரு படிச்சு முடிச்சிருப்பாங்க.

போன வாரம் நீங்க போட்ட ஒரு செய்தியைப் பத்திதான் எழுதுறேன். வேலையை விட்டு நின்ன தோட்டத்துப் பெரியவர் ஒருத்தர், போலீஸ்னு சொல்லி போன் பண்ணவன்கிட்ட ஈபிஎஃப் காசை முழுசா பறிகுடுத்துட்டாருன்னு போட்டிருந்தீங்க. செய்தி சரி, போட வேண்டியதுதான். ஆனா கீழ கட்டம் கட்டி ஒரு அறிவுரை இருந்துச்சு பாருங்க, தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்தா எடுக்காதீங்கன்னு, அங்கதான் எனக்கு சண்டை. ஏன்னா உங்க செய்தியிலயே இருக்கு, அவரு ஸ்கிரீன்ல தெரிஞ்சது போலீஸ் தலைமையகத்து நம்பர்னு, பேரனை விட்டு இண்டர்நெட்ல தேடிப் பார்க்கச் சொல்லி, நம்பர் ஒத்துப் போன பிறகுதான் நம்பியிருக்காருன்னு. அந்த மனுஷன் செக் பண்ணியிருக்காரு சார். படிச்சவங்கள்லயே எத்தனை பேரு அவ்வளவு பண்ணுவாங்க? அவரைப் போயி கவனமில்லாதவர்னு எழுதிட்டு, அவருக்கு உதவவே உதவாத ஒரு அறிவுரையைக் கீழ போட்டா எப்படி?

இப்ப கடைக்கு வர்ற கேஸ்ல பாதிக்கு மேல தெரிஞ்ச நம்பர்லேர்ந்து வந்ததுதான். பேங்க் நம்பர், பாலாய் (போலீஸ் ஸ்டேஷன்) நம்பர், முதலாளியோட இமெயில், மச்சானோட வாட்ஸ்அப் படம். அடுத்தவன் அடையாளத்தை மாட்டிக்கிட்டு வர்ற இந்த வேலைக்கு ஸ்பூஃபிங்னு பேரு.

முன்னாடி தோட்டத்துல லயத்துக்கு லயம் ரசீது புக்கோட ஆளுங்க வருவாங்க, எங்கேயோ ஒரு தோட்டத்துக் கோயிலுக்கு கும்பாபிஷேக வசூல்னு. புக்குல கோயில் பேரு இருக்கும், ரப்பர் ஸ்டாம்ப் அடிச்சிருக்கும், தலைவர் கையெழுத்து கூட இருக்கும். ஸ்டாம்ப் யாரு வேணா பண்ணிக்கலாம்னு நம்ம பாட்டிமாருக்குத் தெரியும். அதனால ரசீதை உத்துப் பார்க்க மாட்டாங்க, அந்தத் தோட்டத்துல கட்டிக்குடுத்த பொண்ணு யாராச்சும் இருந்தா அவகிட்ட கேட்டு விடுவாங்க. ரசீதுல அச்சடிச்சிருக்குற நம்பருக்கே போன் பண்ணி, நீங்க உண்மையான கோயில்தானான்னு கேட்க மாட்டாங்க. ஸ்கிரீன்ல தெரியுற பேரும் நம்பரும் அந்த ஸ்டாம்ப்தான், அனுப்புறவன் அடிச்சு அனுப்புறது. அவன் காட்டுன வழியிலயே போயி செக் பண்ணா அது செக் பண்ணதாவே ஆகாது. அந்தப் பெரியவர் விஷயத்துல நடந்ததும் இதேதான், நம்பரைக் குடுத்தவனே அதை செக் பண்ணச் சொன்னான்.

போன் கால்ல எப்படி நம்பர் மாறி வரும்னு நிறைய பேரு நம்ப மாட்டேங்குறாங்க. டெலிபோன் கம்பெனிங்க ஆதியிலேர்ந்து ஒருத்தரை ஒருத்தர் நம்பித்தான் லைனை மாத்திக்கிட்டாங்க. அந்தப் பக்கத்து எக்ஸ்சேஞ்ச் இன்ன நம்பர்லேர்ந்து கால் வருதுன்னு சொன்னா இந்தப் பக்கம் அப்படியே உங்களுக்குக் காட்டிடும், மெய்யா பொய்யான்னு விசாரிக்காது. கம்பெனி கொஞ்சமா இருந்த காலத்துல அது ஓடுச்சு. இண்டர்நெட் வழியா கால் பண்ற முறை வந்த பிறகு, வெளிய எந்த நம்பர் தெரியணும்னு கூப்பிடுறவனே ஒரு இடத்துல டைப் பண்ணலாம்னு ஆயிடுச்சு. இது திருட்டுக்குன்னு பண்ண வசதி இல்ல, ஆபிஸ்ல 50 பேரு உக்காந்து பேசுனாலும் வெளிய ஒரே நம்பர் தெரியணும் இல்லையா, அதுக்கு. அதே வசதிய எங்கேயோ ஒரு வாடகை வீட்டுல உக்காந்திருக்குறவன் எடுத்துக்கிட்டு உங்க ஊரு பாலாய் நம்பரை டைப் பண்றான்.

அமெரிக்காவுல 2019-ல சட்டம் போட்டு, 2021 ஜூன்லேர்ந்து பெரிய டெலிபோன் கம்பெனிங்க கிளம்புற காலுக்கெல்லாம் டிஜிட்டல் கையெழுத்து வச்சு அனுப்பணும்னு ஆக்குனாங்க, ஸ்டிர் ஷேக்கன்னு அதுக்குப் பேரு. அப்பவும் ஸ்கேம் கால் நிக்கல, பழைய லைன் வழியா சுத்தி வர்ற காலுல அந்தக் கையெழுத்து நடுவுலயே தொலைஞ்சு போயிடுது. சிங்கப்பூர்ல வேற மாதிரி பண்ணாங்க, 2020 ஏப்ரல்லேர்ந்து வெளிநாட்டுலேர்ந்து வர்ற கால் எல்லாத்துக்கும் முன்னாடி பிளஸ் குறி விழும், உள்ளூர்க்காரன்னு சொல்றவன் நம்பருக்கு முன்னாடி பிளஸ் இருந்தா அவன் உள்ளூர்லேர்ந்து பேசலன்னு தெரிஞ்சுடும். கெட்டிக்காரத்தனமான வேலை, செலவும் கம்மி.

நம்ம ஊர்ல மக்காவ் ஸ்கேம்னு சொல்றோமே, அதுல இந்த நம்பர் வித்தை ஒரு பாகம்தான், மீதி எல்லாம் நாடகம். முதல்ல ஒரு பொம்பளை குரல், உங்க ஐசி (அடையாள அட்டை) நம்பர்ல பார்சல் வந்திருக்கு, இல்லன்னா இன்கம் டாக்ஸ் பாக்கி, இல்லன்னா போலீஸ் சமன், அதாவது அபராதம் இருக்குன்னு. நீங்க இல்லவே இல்லன்னு சொன்னா, அப்ப போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணுங்க, நானே லைன் மாத்தி விடுறேன்னு ரொம்ப உதவியா பேசும். அந்தப் பக்கம் சார்ஜன்னு ஒருத்தன், அவனுக்கு மேல இன்ஸ்பெக்டர்னு ஒருத்தன், பின்னால வாக்கி டாக்கி சத்தம் வேற. அப்பதான் அந்த வார்த்தை வரும், என் நம்பரை நீங்களே செக் பண்ணிப் பாருங்கன்னு. வாட்ஸ்அப்ல உங்க பேரு ஐசி எல்லாம் போட்டு வாரன்ட் அனுப்புவான். இது ரகசிய விசாரணை, பெண்டாட்டி பிள்ளைகிட்ட கூட சொல்லக் கூடாது, லைனை வச்சுட்டா கைதுன்னு சொல்லுவான். கடைசியில, விசாரணை முடியுற வரைக்கும் உங்க காசை ஒரு பாதுகாப்பான கணக்குல போட்டு வைங்கன்னு சொல்லுவான். எந்த நாட்டுலயும் போலீஸ் அப்படி ஒரு கணக்கு வச்சிருக்காது.

லைனை வைக்கக் கூடாதுன்னு அவன் ஏன் அவ்வளவு கெடுபிடி பண்றான்? இந்த இடத்தை கொஞ்சம் பெரிய எழுத்துல போட்டாலும் நல்லதுதான். அந்த நம்பரை அவன் காட்டத்தான் முடியும், அது அவன் கையில இல்ல. நீங்க கட் பண்ணிட்டு அதே நம்பரை உங்க விரலால அமுக்கி கூப்பிட்டா கால் உண்மையான பாலாய்க்குத்தான் போகும், அங்க எடுக்குறவரு அப்படி ஒரு சார்ஜனே இங்க இல்லன்னு சொல்லிடுவாரு. மொத்த நாடகமும் ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும். உள்ள வர்ற காலைத்தான் நம்ப முடியாது, நீங்க பண்ற கால் சரியா போகும். நம்பரை நீங்களே தேடி எடுக்கணும், பேங்க்னா ஏடிஎம் கார்டு பின்னால இருக்கும், அவன் வாட்ஸ்அப்ல அனுப்புன நம்பரை அமுக்குனா திரும்ப அவன்கிட்டயேதான் போயி நிப்பீங்க.

இதுல இன்னொரு கூத்தும் உண்டு. எனக்குத் தெரிஞ்ச லோரி டிரைவர் ஒருத்தர், செம்பனைக் குலை ஏத்துறவரு, அவரோட நம்பரை எவனோ காட்டி ஊரெல்லாம் கால் பண்ணியிருக்கான். மிஸ்ட் கால் பார்த்தவங்க, ஏமாந்தவங்க எல்லாம் திருப்பி அவருக்கு அடிச்சு மூணு மொழியில திட்டு. என் போனை ஹேக் பண்ணிட்டாங்களான்னு கடைக்கு ஓடி வந்தாரு. போனை யாரும் தொடவே இல்லண்ணே, உங்க நம்பரை முகமூடியா போட்டிருக்கானுங்கன்னு சொல்லி அனுப்பி வச்சேன், பாவம் அவரு முழுசா நம்புன மாதிரி தெரியல.

இனி எஸ்எம்எஸ். தோட்டத்துல கிளீனிங் வேலை செய்யுற ஒரு அக்கா, கிள்ளான்ல இருக்குற மகளைப் பார்க்கப் போயிட்டு வந்தவங்க, போனை என் முன்னால வச்சு அழுதாங்க. அவங்களுக்கு பேங்க்லேர்ந்து வழக்கமா மெசேஜ் வர்ற அதே அஞ்சு எண் நம்பர், அதே வரிசையில, போன மாசம் சம்பளம் ஏறுன மெசேஜுக்கு நேர் கீழ, உங்க கணக்கு முடக்கப்படும், உடனே இந்த லிங்க்ல போங்கன்னு ஒண்ணு. போயிருக்காங்க, பாஸ்வேர்ட் போட்டிருக்காங்க, அப்புறம் போன்ல அப்ரூவ் பட்டன் வந்திருக்கு, அதையும் அமுக்கியிருக்காங்க. மெசேஜை வரிசைப்படுத்துறது நம்ம போன், அது அனுப்புனவன் பேரையோ நம்பரையோ பார்த்து ஒரே கட்டுல சேர்த்துடும். பொய் மெசேஜ் உண்மையான மெசேஜுக்குப் பக்கத்துல போயி தானா உக்காந்துக்கும். சிங்கப்பூர்ல 2021 டிசம்பர்ல ஓசிபிசி பேங்க் வாடிக்கையாளருங்க நூத்துக்கணக்கான பேரு காசை இழந்தது இதே மாதிரிதான், பேங்க் பேர்லயே, பேங்க் மெசேஜ் வர்ற வரிசையிலயே வந்துச்சு. அதுக்குப் பிறகு அங்க 2023 ஜனவரி கடைசியிலேர்ந்து பதிவு பண்ணாத பேர்ல எவன் எஸ்எம்எஸ் அனுப்புனாலும், ஸ்கேமா இருக்கலாம்னு ஒரு லேபிள் விழுற மாதிரி பண்ணிட்டாங்க. அங்க வேலை செய்யுற நம்ம பிள்ளைங்க போனை வாங்கிப் பாருங்க, தெரியும்.

நம்ம நாட்டுலயும் டெலிபோன் கம்பெனிங்களைக் கண்காணிக்குற எம்சிஎம்சி ஆணையம் சும்மா இருக்கல. 2023-லேர்ந்து லிங்க் உள்ள எஸ்எம்எஸ்ஸை டெல்கோங்குற டெலிபோன் கம்பெனிங்க தடுக்கணும்னு படிப்படியா கொண்டு வந்து, 2024 செப்டம்பர்ல கம்பெனிங்க அனுப்புற எஸ்எம்எஸ்ஸுக்கும் அதே கதைதான்னு ஆக்கிட்டாங்க. அப்புறம் எப்படி அந்த அக்காவுக்கு லிங்க் வந்துச்சு? ஏன்னா அது டெல்கோ வழியாவே வந்திருக்காது. ஒரு காருக்குள்ள போலி டவர் மெஷினை வச்சுக்கிட்டு மால், ஹைவே, கார்பார்க்னு சுத்துறானுங்க. பக்கத்துல இருக்குற போன் எல்லாம் இது நல்ல சிக்னல்னு நினைச்சு அதுல போயி ஒட்டிக்கும், அது 2ஜிக்கு இறக்கி விட்டு நேரா உங்க போனுக்குள்ள எஸ்எம்எஸ்ஸைத் தள்ளிடும், எந்த நம்பர் தெரியணும்னு அவனே போட்டுக்குவான். நம்ம நாட்டுலயே இந்த மெஷினோட கார்ல சுத்துனவங்களை போலீஸ் பிடிச்சிருக்கு. 2ஜியில உள்ள குறை என்னன்னா, போன்தான் டவர்கிட்ட நான் யாருன்னு சிம் வச்சு நிரூபிக்கணும், டவர் போன்கிட்ட எதையும் நிரூபிக்க வேண்டியதில்ல. 3ஜியிலேர்ந்துதான் ரெண்டு பக்கமும் நிரூபிக்கணும்னு வந்துச்சு. அதனால கடைக்கு வர்றவங்ககிட்ட நான் சொல்றது, எஸ்எம்எஸ்ல லிங்க் இருந்தாலே அது யாரு பேர்ல வந்தாலும் அழிச்சுடுங்க, லிங்க் இருக்குறதே அது நேர் வழியில வரலங்குறதுக்கு சாட்சி.

அப்ரூவ் பட்டனைப் பத்தி ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர்ல நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ் ஓடிபி வேணாம், பேங்க் ஆப்லயே அனுமதி குடுக்குற முறைக்கு மாறுங்கன்னு எல்லா பேங்குக்கும் சொல்லிடுச்சு. நல்ல காரியம். ஆனா அந்த பட்டனை உங்க கையாலயே அமுக்க வைக்கத்தான் இப்ப அவனுங்க இவ்வளவு பாடுபடுறானுங்க. நீங்க எதையும் வாங்கல, யாருக்கும் அனுப்பல, ஆனா அப்ரூவ் கேட்குதுன்னா வேணாம்னு அமுக்கணும், அவ்வளவுதான்.

இமெயில் தோட்டத்துக்காரங்களுக்கு எதுக்குன்னு கேட்காதீங்க, இப்ப சின்னச் சின்ன காண்ட்ராக்டர் எல்லாம் பில்லு இமெயில்லதான் வாங்குறாங்க. இங்க ஒருத்தர் லோரி டயர் வாங்குற இடத்துலேர்ந்து மெயில் வருது, எங்க பேங்க் கணக்கு மாறிடுச்சு, இனிமே இதுல போடுங்கன்னு. பேரு சரி, பில்லுல உள்ள தொகை சரி, பேசுற விதம் கூட சரி. காசைப் போட்டுட்டாரு. அடுத்த மாசம் டயர்க்காரர் போன் பண்ணி என்னய்யா இன்னும் காசு வரலன்னு கேட்டப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. ரெண்டு பேரும் முப்பது வருஷப் பழக்கம், ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துல ஒருத்தர் நின்னு பந்தி பார்த்தவங்க, ஒரே ஒரு கால் அடிச்சிருந்தா தீர்ந்திருக்கும்.

இமெயில் விதியை ஜோன் போஸ்டல் 1982-ல எழுதுனப்ப, அனுப்புறவன் பேரை சரி பார்க்குற ஏற்பாடே அதுல கிடையாது. யாருகிட்டேர்ந்துன்னு போடுற இடம் வெறும் எழுத்து, என்ன வேணா எழுதலாம். அப்ப அதைப் பயன்படுத்துனவங்க பல்கலைக்கழகத்து ஆளுங்க, ஆராய்ச்சிக்காரங்க, ஒருத்தரை ஒருத்தர் தெரியும். பின்னால வந்து ஒட்டுப் போட்டாங்க: எஸ்பிஎஃப்னு ஒண்ணு, இந்த கம்பெனி பேர்ல மெயில் அனுப்ப எந்தெந்த கம்ப்யூட்டருக்கு அனுமதின்னு பட்டியல் வைக்கறது. டிகேஐஎம்னா மெயிலுக்கே டிஜிட்டல் கையெழுத்து. டிமார்க்னா இது ரெண்டுலயும் தேறலன்னா அந்த மெயிலை என்ன பண்ணணும்னு கம்பெனிக்காரன் சொல்லி வைக்கறது. 2024 பிப்ரவரியிலேர்ந்து கூகளும் யாஹூவும் மொத்தமா மெயில் அனுப்புறவங்க இதெல்லாம் வச்சிருக்கணும்னு கட்டாயமாக்கிட்டாங்க. ஆனா இது காப்பாத்துறது அதே முகவரியை அப்படியே போடுறவன்கிட்டேர்ந்து மட்டும்தான். இங்கிலீஷ்ல ஆர், என் ரெண்டு எழுத்தையும் ஒட்டிப் போட்டா சின்ன ஸ்கிரீன்ல எம் மாதிரியே தெரியும், அப்படி ஒரு முகவரியைக் காசு குடுத்து வாங்கி அதுக்கு கையெழுத்து எல்லாம் ஒழுங்கா போட்டு அனுப்புனா எந்த சோதனையிலயும் தேறிடும். நம்ம கண்ணுதான் தேறாது. கணக்கு நம்பர் மாறுதுன்னு மெயில் வந்தா, பழைய நம்பர்ல மனுஷனைக் கூப்பிட்டு குரல்ல கேட்கணும், இதுக்கு மேல இதுல ரகசியம் இல்ல.

வெப்சைட்டும் அதே கதைதான், சுருக்கமா சொல்றேன். 2025 ஆகஸ்ட் 31-லேர்ந்து 18 வயசுக்கு மேல உள்ள எல்லாருக்கும் மைகாட்ல, அதாவது ஐசி கார்டுல, 100 வெள்ளி (ரிங்கிட்) சாரா உதவின்னு அரசாங்கம் குடுத்துச்சு, எதையும் பதிய வேண்டியதில்ல, கடையில போயி ஐசியை நீட்டுனா போதும். பதியவே தேவையில்லாத ஒண்ணுக்கு, இங்க பதிஞ்சுக்கங்கன்னு லிங்க் எதுக்கு? அப்படி ஒரு பக்கம் பேங்க் பாஸ்வேர்ட் கேட்டா, அது எந்தச் சின்னம் போட்டிருந்தாலும் மூடிடுங்க. ரெண்டு விஷயம் பாருங்க போதும்: அரசாங்க முகவரியில https://-க்குப் பிறகு வர்ற முதல் சாய்வுக் கோட்டுக்கு முன்னால கடைசியா டாட் கவ் டாட் எம்ஒய்னு முடியணும், அந்த எழுத்துங்க நடுவுல இருந்தா பிரயோசனம் இல்ல. இன்னொண்ணு, பூட்டுப் படம் இருந்தா நல்ல சைட்டுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு. நீங்க அனுப்புறதை நடுவுல எவனும் படிக்க முடியாதுன்னுதான் அதுக்கு அர்த்தம், அந்தப் பக்கம் உக்காந்திருக்குறவன் நல்லவன்னு இல்ல, பூட்டு இப்ப ஓசியிலேயே கிடைக்குது. வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகைன்னு ஏபிகேங்குற ஆப் ஃபைல் வந்தா தொடவே தொடாதீங்க. பத்திரிகை படமா வரும், வீடியோவா வரும், இன்ஸ்டால் பண்ணச் சொல்லி வராது. அது உள்ள போயி உங்க எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும்.

பாலிடெக்னிக்ல படிக்குற ஒரு தம்பி கடையில கேட்டான், அங்கள், இதெல்லாம் படிக்காதவங்களுக்கு வர்ற பிரச்சனைதானேன்னு. அவனுக்கு சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். 1989-லேயே ஸ்டீவன் பெலோவின்கிறவரு எழுதிட்டாரு, கம்ப்யூட்டருங்க வெறும் முகவரியைப் பார்த்து ஒண்ணை ஒண்ணு நம்புறது ஆபத்துன்னு. 1994 கிறிஸ்மஸ் அன்னைக்கு சான் டியேகோவுல ஷிமோமுராங்கிற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணரோட சொந்த மெஷினுக்குள்ளயே இப்படித்தான் புகுந்தாங்க, அது நம்புற இன்னொரு கம்ப்யூட்டரோட முகவரியைப் போட்டுக்கிட்டு. அதுக்கு அப்புறம் ஷிமோமுரா தேடிப் போனதுலதான் கெவின் மிட்னிக்ங்கிற ஹேக்கர் அடுத்த வருஷம் பிடிபட்டாரு. 2000-ல ஒரு விதி எழுதுனாங்க, ஒவ்வொரு இண்டர்நெட் கம்பெனியும் தன்கிட்டேர்ந்து வெளிய போற டேட்டாவுல பொய் முகவரி இருந்தா அங்கயே நிறுத்தணும்னு, இன்னைக்கும் எல்லாரும் அதைச் செய்யுறது இல்ல. சந்தேகப்படுறதே தொழிலா வச்சிருக்குறவரு கம்ப்யூட்டரே ஏமாந்துச்சு, ரப்பர் காட்டுல காலம் முழுக்க உழைச்ச மனுஷன் ஏமாந்தா நாம சிரிக்கிறோம்.

அதுக்கும் மேல ஒண்ணு. 2024-ல வெளிய வந்த விஷயம், ஆரூப்னு பெரிய இஞ்சினியரிங் கம்பெனி, அதோட ஹாங்காங் ஆபிஸ்ல ஒரு ஊழியருக்கு ரகசியமா காசு அனுப்பச் சொல்லி மெசேஜ் வருது. அவரு முதல்ல சந்தேகப்பட்டாரு. அப்புறம் வீடியோ கால்ல கூப்பிடுறாங்க, அதுல மேலதிகாரி இருக்காரு, தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க, அத்தனை முகமும் கம்ப்யூட்டர் பண்ண பொய். 20 கோடி ஹாங்காங் டாலர் போச்சு. அவரும் நம்ம பெரியவர் மாதிரியேதான், செக் பண்ணாரு, ஆனா திருடன் திறந்து விட்ட கதவு வழியா. இப்ப வீட்டுல பேரன் குரல்ல அழுதுக்கிட்டு தாத்தா காசு அனுப்புன்னு கால் வந்தா, கட் பண்ணிட்டு பேரனோட நம்பருக்கு நீங்களே அடிங்க, அவன் எடுக்கலன்னா அவங்கம்மாவுக்கு அடிங்க.

காசு போனா என்ன பண்றதுன்னு உங்க கட்டத்துல ஒரு வரி கூட இல்ல, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். 997, தேசிய ஸ்கேம் தடுப்பு மையம், 2022 அக்டோபர்லேர்ந்து இருக்கு. உடனே அதுக்கு அடிக்கணும், இல்லன்னா பேங்கோட ஹாட்லைனுக்கு. வெட்கப்பட்டுக்கிட்டு ராத்திரி முழுக்க உக்காந்து யோசிச்சுட்டு காலையில பாலாய்க்குப் போனா காசு அதுக்குள்ள பல கணக்கு மாறி போயிருக்கும். பெரும்பாலான பேங்க் ஆப்ல கணக்கை நாமளே உடனே முடக்குற பட்டன் இருக்கு, அது எங்க இருக்குன்னு இன்னைக்கே பார்த்து வச்சுக்கங்க. காசு போடச் சொல்றவன் குடுக்குற கணக்கு நம்பரை போலீஸோட செமாக் மூள் பக்கத்துல போட்டா, அதுல ஏற்கனவே புகார் இருந்தா காட்டும், புகார் இல்லன்னா நல்லவன்னு எடுத்துக்கக் கூடாது.

கசப்பா ஒண்ணு சொல்லித்தான் ஆகணும். அந்தக் காசு போயி விழுற கணக்கெல்லாம் எங்கேயோ வெளிநாட்டுல இல்ல, நம்ம தாமான்ல (குடியிருப்புல) இருக்குற பையனுங்க கணக்கு. சில நூறு வெள்ளிக்கு ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் குடுத்துட்டு, எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணேன்னு சொல்றானுங்க. 2024-ல தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, கணக்கை அடுத்தவனுக்குக் குடுக்குறதே குற்றம்னு ஆக்கியாச்சு, தெரியாதுன்னு சொல்லி தப்பிக்கிறது இனி லேசுல நடக்காது. இந்த விஷயத்துல எனக்கு அந்தப் பையனுங்க மேல இரக்கமே வரல. அவன் குடுத்த கார்டுலதான் எவனோ ஒருத்தனோட தாத்தா காசு வெளிய போகுது.

கடைசியா, எம்சிஎம்சியில யாராச்சும் உங்க பேப்பரைப் படிச்சா அவங்களுக்கு ஒரு கேள்வி. 2021 கடைசியில 3ஜியை மூடிட்டீங்க, போலி டவர்காரன் நம்பியிருக்குற 2ஜி மட்டும் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. தோட்டத்துல பட்டன் போன் வச்சிருக்குற கிழவங்களுக்கு அது வேணும்ங்குறது எனக்கே தெரியும், அவங்கதான் என் வாடிக்கையாளருங்க, உள்ளுக்குள்ள சில பிளாக்குல 4ஜி சரியா ஏறாதுங்குறதும் தெரியும். ஆனா 4ஜி பட்டன் போன் இப்ப வந்துடுச்சு. அதை அவங்களுக்கு மாத்திக் குடுக்க ஏதாச்சும் திட்டம் இருக்கா, 2ஜியை மூட தேதி ஏதும் வச்சிருக்கீங்களா? அது வரைக்கும் புது ஆண்ட்ராய்ட்ல 2ஜியை அணைக்குற சுவிட்ச் இருக்கு, எல்லா மாடல்லயும் கிடையாது, கடைக்கு வர்றவங்களுக்கு காசு வாங்காம நானே அணைச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கேன், ஐபோன்ல அதுக்கு லாக்டவுன் மோட் போடணும், போட்டா வேற பல வசதியும் சேர்ந்து அணைஞ்சுடும், அதனால அதை நான் யாருக்கும் சொல்றதில்ல. பதில் தமிழ்லயே, உங்க பக்கத்துலயே வந்தா, வெட்டி எடுத்து தோட்டத்து ஆபிஸ் போர்டுல ஒட்டச் சொல்லி கிராணிகிட்ட குடுத்துடுவேன், சம்பளத்தன்னைக்கு எல்லாரும் அங்கதான் நிப்பாங்க.

இப்படிக்கு,
ஹேண்ட்போன் கடைக்காரர்,
லாபிஸ், ஜொகூர்.